மஞ்சள் வயரா, ஃபயர்வயரா? பழைய வீடியோ டேப்பைக் கணினிக்கு எடுப்பது பற்றி

தம்பி, கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அரை மணி நேரப் படம் ஒன்று எடிட் செய்ய ஆசை. அலுமாரியைத் துழாவியதில் 14 மினி டி.வி. டேப், ஆறு ஹை8 கசெட், மூன்று வி.எச்.எஸ். கசெட் கிடைத்திருக்கின்றன. வி.எச்.எஸ்.ஸில் ஒன்று பாரிஸ் சித்தப்பா அனுப்பியது. மினி டி.வி. எடுத்த சோனி ஹேண்டிகாம் இன்னும் ஓடுகிறது. லேப்டொப் புதியது, யூ.எஸ்.பி.-சி ஓட்டைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைக்காரர் "மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைக் குத்துங்கோ, இந்த யூ.எஸ்.பி. குச்சி எல்லாத்தையும் எடுக்கும்" என்கிறார். மருமகன் "ஃபயர்வயர் இல்லாமல் தொடாதீங்கோ மாமா" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரும் பாதி சரி. மினி டி.வி.க்கு மருமகன் சொல்வதுதான், அதில் பேச்சே இல்லை. வி.எச்.எஸ்.ஸுக்குக் கடைக்காரர் காட்டும் வழி சரி, அவர் நீட்டும் குச்சிதான் வேண்டாம். ஹை8 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வயரைப் பற்றி யோசிக்குமுன் டேப்பைப் பற்றி யோசியுங்கள். அதில் பதிந்திருப்பது எண்ணா (டிஜிட்டல்), அலையா (அனலொக்)? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் எந்த வயர் என்பது தானாக வந்துவிடும். மினி டி.வி. என்று தமிழில் எழுதினால் ஏதோ சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி போல இருக்கிறது. இது 'டிஜிட்டல் வீடியோ'. 1995 இல் வந்தது. கமரா படம் பிடிக்கும்போதே அதை எண்ணாக்கி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, வினாடிக்கு 25 மெகாபிட் வீதம் டேப்பில் எழுதிவிடுகிறது. அதாவது உங்கள் தங்கச்சியின் கலியாணத்தை எண்ணாக்கும் வேலை அன்றைக்கு அந்த மண்டபத்திலேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு மிச்சமிருப்பது பென் டிரைவிலிருந்து கோப்பு ஒன்றை இழுத்துப் போடுவது போன்ற வேலை. என்ன, ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். கமராவையும் கணினியையும் நேரே இணைக்கும் டிஜிட்டல் வயரான ஃபயர்வயர் அந்த இழுத்துப் போடுதலைத்தான் செய்கிறது. டேப்பில் உள்ள எண் எதுவும் மாறாமல் ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறது.

மஞ்சள் வயரில் நடப்பது வேறு. கமரா அந்த எண்ணை விரித்து அலையாக்குகிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகக் குழைத்து ஒரே வயரில் தள்ளுகிறது. மறுமுனையில் இருக்கும் குச்சி அதைப் பிரித்து, திரும்ப எண்ணாக்கி, திரும்பவும் சுருக்குகிறது. அவித்த இடியப்பத்தைப் பிசைந்து மாவாக்கி மறுபடி உரலில் போட்டுப் பிழிகிற மாதிரி. பிழியலாம். சாப்பிடவும் சாப்பிடலாம். ஆனால் ஏன்?

வித்தியாசம் எங்கே தெரியும் என்று கேட்டால், கூறைச் சேலையில் பாருங்கள். நான் கொட்டாஞ்சேனையில் இருபது வருடத்துக்கு மேல் கலியாண வீடியோ எடிட் செய்தவன். சிவப்புக் கூறையும் சரிகைக் கரையும்தான் எனக்குப் பரீட்சைத் தாள். ஒரே டேப்பை இரண்டு வழியாலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் வயரில் வந்ததில் சிவப்பு கரையைத் தாண்டிப் பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மேல் கசிந்திருக்கும். சரிகையின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகரும். ஃபயர்வயரில் வந்ததில் அந்த எறும்பு இருக்காது. எடிட் செய்யும்போது நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் இந்தக் குறை இரட்டிப்பாகத் தெரியும். பார்க்க மட்டும் என்றால் பரவாயில்லை என்று விடலாம், எடிட்டுக்கு என்றால் விடக்கூடாது.

படத்தின் தரத்தை விட எனக்குப் பெரிதாகப் படும் காரணம் இன்னொன்று. மினி டி.வி. டேப்பில் ஒவ்வொரு ஃபிரேமோடும் எடுத்த தேதி, நேரம், டைம்கோட் (டேப்பில் அந்த ஃபிரேம் இருக்கும் இடத்தின் எண்) எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஃபயர்வயரால் எடுத்தால் அவையும் கூடவே வரும். கமராவை நிறுத்தி மறுபடி தொடங்கிய ஒவ்வொரு இடத்திலும் வெட்டித் தனித்தனிக் கோப்பாகப் போடும் மென்பொருள்கள் இருக்கின்றன. பதினான்கு மணி நேரத்தில் அரை மணி நேரம் பொறுக்கப் போகிற உங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று முதல் நாளே தெரிந்துவிடும். என் சொந்த டேப் ஒன்றின் உறையில் மனைவி 'தீபாவளி 2002' என்று எழுதி வைத்திருந்தா. கப்சர் செய்து, அதாவது கணினிக்கு எடுத்துப் பார்த்தால் கோப்பின் தேதி 2001 நவம்பர் 14 என்கிறது. அந்த வருடத் தீபாவளி அன்றைக்குத்தான். இருபது வருடமாக வீட்டில் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். மஞ்சள் வயரால் எடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கமராவில் மணிக்கூடு சரியாக வைத்திருந்தால்தான் இதெல்லாம் பலிக்கும்.

இப்போது நீங்கள் கேட்கப் போவது தெரியும். "அண்ணை, கமராவிலேயே யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கே, அதைக் குத்தினால் என்ன?" அது பெரும்பாலும் மெமரி கார்டில் இருக்கும் புகைப்படத்தை எடுக்கவும் வெப்கேம் போலப் பாவிக்கவும் வைத்தது. பழைய யூ.எஸ்.பி. 1.1 இன் உச்ச வேகமே வினாடிக்கு 12 மெகாபிட். 25 மெகாபிட் அதற்குள் எப்படிப் போகும்? அதனால் கமரா படத்தைச் சுருக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். கடைசிக் காலத்து மாடல்கள் சிலவற்றில் யூ.எஸ்.பி. 2.0 வழியாக முழு டி.வி.யும் வரும், ஆனால் அது விதிவிலக்கு. கமராவில் ஃபயர்வயர் ஓட்டை எது என்றால், சோனியில் 'ஐ.லிங்க்' என்றோ 'டி.வி.' என்றோ எழுதிய ஒரு மூடிக்குள், சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலத்தில், நான்கு முனையோடு இருக்கும். ஒரு பக்கம் சின்னதாகக் குழிந்திருக்கும், அந்தக் குழிவைப் பார்த்துத்தான் வயரைச் செருக வேண்டும்.

அப்புறம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யூ.எஸ்.பி. வைத்த வயர் கிடைக்கும், இணையத்திலும் நிறைய விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பாஷை. நடுவில் மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் செம்புக் கம்பியை மட்டும் ஒட்டினால் பேச்சு நடக்காது. பார்க்க அழகாகப் பொருந்தும், கணினியில் ஒன்றும் வராது.

சரி, யூ.எஸ்.பி.-சி மட்டும் உள்ள லேப்டொப்போடு என்ன செய்வது? என் பதில்: அந்த லேப்டொப்பை கப்சருக்குப் பாவிக்காதீர்கள். பழைய லேப்டொப் ஒன்று தேடுங்கள். 2000களின் நடுவிலிருந்து 2010 வரைக்கும் வந்த பல லேப்டொப்களின் ஓரத்தில் நாலு முனை ஃபயர்வயர் ஓட்டை இருந்தது. சோனி வையோவில் அனேகமாக இருக்கும், டெல், எச்.பி.யிலும் பல மாடல்களில் உண்டு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழையது திருத்தி விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு முதல் சொந்தக்காரர் வீடுகளில் கட்டிலுக்குக் கீழே பாருங்கள். பற்றறி செத்திருந்தால் கவலையில்லை, சார்ஜர் இருந்தால் போதும். விண்டோஸ் எக்ஸ்.பி.யோ 7 ஓ போட்டதாக இருந்தால் கமராவைக் குத்திய உடனே அடையாளம் கண்டுகொள்ளும். இன்டர்நெட்டில் இணைக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்திருங்கள். வின்டிவி என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் பழக்கமென்றால் டிவிகிராப். இரண்டும் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எழுதும்.

டெஸ்க்டொப் ஒன்று வீட்டில் இருந்தால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்ட் ஒன்று செருகலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அல்லது வியா சிப் உள்ள கார்ட் என்றால் தலைவலி குறைவு. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கிலி இருக்கிறது: யூ.எஸ்.பி.-சி வடிவத்தில் இருக்கும் தண்டர்போல்ட் 3 இலிருந்து தண்டர்போல்ட் 2 க்கு ஓர் அடாப்டர், அதிலிருந்து ஃபயர்வயர் 800 க்கு ஓர் அடாப்டர், பிறகு ஒன்பது முனையிலிருந்து நான்கு முனைக்கு ஒரு வயர். கண்ணுக்கு அசிங்கம், ஆனால் வேலை செய்யும். செய்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 2025 இல் வந்த மேக் ஓ.எஸ். டஹோ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பில் இருக்கும் மேக் என்றால் டேப் வேலை முடியும்வரை புதுப்பிக்க வேண்டாம். விண்டோஸ் லேப்டொப்பில் இந்தச் சங்கிலியை நம்பிக் காசு போடும்படி நான் சொல்லமாட்டேன்.

வயரைச் செருகும்போது ஒரு பழக்கம்: கமரா, கணினி இரண்டையும் நிறுத்திவிட்டுச் செருகுங்கள். ஓடும்போதே செருகலாம் என்றுதான் ஃபயர்வயரை விளம்பரப்படுத்தினார்கள். நானும் நம்பினேன். 2006 ஆம் ஆண்டளவில் வாடிக்கையாளர் ஒருவரின் கமராவை அவசரத்தில் செருகப்போய், கணினிப் பக்கம் இருந்த ஆறு முனைச் செருகியைத் தலைகீழாக அழுத்திவிட்டேன். அந்தப் பழைய பெட்டியின் தகரம் தளர்ந்திருந்தது, தலைகீழாகவும் உள்ளே போய்விட்டது. ஆறு முனையில் இரண்டு முனை மின்சாரத்துக்கானவை. ஒரு சத்தமும் இல்லை, புகையும் இல்லை, கமராவின் டி.வி. ஓட்டை மட்டும் அன்றோடு செத்தது. அந்தத் திருத்தக் காசு என் ஒரு கலியாணத்துச் சம்பளத்தைச் சாப்பிட்டது. இரண்டு பக்கமும் நாலு முனை என்றால் மின்சாரம் வராது, அது பாதுகாப்பு. பழைய லேப்டொப்பைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு மணி நேர டேப் 13 ஜிகாபைட் வரும். பதினான்கும் சேர்த்து 180 ஐத் தாண்டும், ஆகவே 500 ஜிகாபைட் வெளி டிஸ்க் ஒன்று தாராளம். அந்த டிஸ்க் எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபோர்மட் செய்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் போகாது. சரியாக இருபதாவது நிமிடத்துக்குக் கிட்ட, தாலி கட்டும் நேரம் பார்த்து கப்சர் நிற்கும். என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய லேப்டொப்பின் யூ.எஸ்.பி. 2.0 மெதுவாச்சே என்று பயப்பட வேண்டாம், டி.வி.க்கு வினாடிக்கு 3.6 மெகாபைட்தான் தேவை.

மினி டி.வி.யில் படம் சதுரம் சதுரமாக உடைந்தால் வயரைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஹெட்டில், அதாவது டேப்பைப் படிக்கும் தலையில், அழுக்கு. சுத்தம் செய்யும் டேப்பைப் பத்து வினாடி ஓடவிட்டு எடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டால் அது ஹெட்டையே தேய்க்கும். 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் பிடித்த எல்.பி. பதிவுகள் வேறு கமராவில் ஓட்டினால் அடிக்கடி இப்படி உடையும், எடுத்த கமராவிலேயே ஓட்டுவதுதான் அதற்கு மருந்து. ஓடியோவையும் கவனியுங்கள்: பல கமராக்களில் 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் என்பதுதான் வாங்கும்போதே வைத்த அமைப்பு. எடிட் மென்பொருளில் 48 என்று நினைத்துக்கொண்டு போட்டால் நாதஸ்வரம் ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம் போகும்.

வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொன்று. ஏ.சி. அறையில் குளிர்ந்து கிடந்த கமராவைக் கடல் காற்று வரும் ஹோலுக்குக் கொண்டுவந்து உடனே டேப் போட்டால், உள்ளே ஹெட் உருளையில் பனித்துளி பிடிக்கும். ஈரமான உருளையில் டேப் ஒட்டிக்கொண்டு கிழியும். அதனால்தான் கமரா ஈரப்பத எச்சரிக்கை காட்டி ஓட மறுக்கும். பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். டேப்பை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் விடுங்கள்.

உங்கள் டேப்களில் ஏதாவது எச்.டி.வி. என்று குறித்திருந்தால் அதற்கும் ஃபயர்வயர்தான். அதே மினி டி.வி. கசெட், அதே 25 மெகாபிட், உள்ளே 1440க்கு 1080 படம். கமரா மெனுவில் ஐ.லிங்க் மாற்றம் என்பதை நிறுத்தி வைக்காவிட்டால் கமராவே அதை டி.வி. ஆகக் குறைத்து அனுப்பிவிடும்.

இனி ஹை8. இது அலை. இங்கே எண்ணாக்கும் வேலை இன்னும் நடக்கவில்லை, நீங்கள்தான் முதல்முறையாகச் செய்யப் போகிறீர்கள். ஆகவே இதை ஒரே ஒரு தடவை, நல்லதாகச் செய்ய வேண்டும். ஹை8, வி.எச்.எஸ். இரண்டிலும் வெளிச்சமும் நிறமும் டேப்பில் வேறு வேறாகத்தான் பதியப்பட்டிருக்கின்றன. எஸ்-வீடியோ வயர் அவற்றைப் பிரித்தபடியே கொண்டுவருகிறது. மஞ்சள் வயர் குழைத்துக் கொண்டுவருகிறது. ஹை8இல் குறுக்கே 400 கோடு வரைக்கும் விபரம் இருக்கும், வி.எச்.எஸ்.ஸில் 240. அதனால் எஸ்-வீடியோவின் பயன் ஹை8இல் பளிச்சென்று தெரியும். எஸ்-வீடியோவில் படம் மட்டும்தான் வரும், சத்தத்துக்கு வெள்ளையும் சிவப்பும் தனியாகக் குத்த வேண்டும். இதை மறந்து ஒரு மணி நேரம் ஊமைப்படம் எடுத்தவர்கள் நிறைய. அதில் நான் எத்தனையாவது ஆள் என்று கேட்காதீர்கள்.

நான் சொன்ன குறுக்கு வழி டிஜிட்டல்8. சோனி 1999 இல் கொண்டுவந்த கமரா வகை. ஹை8 கசெட்டிலேயே டி.வி. எண்ணைப் பதியும். அதில் பல மாடல்கள் பழைய ஹை8, வீடியோ8 கசெட்டையும் ஓட்டி, உள்ளுக்குள்ளேயே எண்ணாக்கி, ஃபயர்வயரால் வெளியே தரும். உள்ளே இருக்கும் திருத்தி ஆடும் கோடுகளை நிமிர்த்திவிடும். எல்லா டிஜிட்டல்8 கமராவும் பழைய கசெட்டை ஓட்டாது, கேட்டு வாங்குங்கள். மாடல் எண்ணின் கடைசியில் 'ஈ' எழுத்து இருந்தால் சோனியில் அது 'பால்' (PAL) என்ற, இலங்கைத் தொலைக்காட்சி முறைக் கமரா, எங்களுக்கு வேண்டியது அதுதான். டி.வி. சுருக்கம் நிறத்தைக் குறைக்கிறது, எஸ்-வீடியோவால் சுருக்காமல் எடுப்பதே மேல் என்று வாதாடுபவர்கள் உண்டு. கணக்குப்படி அவர்கள் சரி. ஆனால் ஹை8இல் இருக்கும் நிறமே கொஞ்சம்தான். ஆறு கசெட்டுக்கு, ஏற்கனவே ஃபயர்வயர் லேப்டொப் தேடி வைத்திருக்கும் ஒருவருக்கு, நான் டிஜிட்டல்8 கமரா ஒன்றை இரவல் வாங்கச் சொல்வேன். கிடைக்காவிட்டால் எஸ்-வீடியோ.

"என் ஹேண்டிகாமிலேயே மஞ்சள் வயரை உள்ளே குத்தி, மறுபக்கம் ஃபயர்வயரால் எடுக்கலாமா?" என்றும் ஒருவர் கேட்பார். சில கமராக்களில் முடியும். ஆனால் ஐரோப்பாவுக்கென்று செய்த மாடல்கள் பலவற்றில் உள்வாங்கும் வழியை அடைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பதியக்கூடிய கமராவை அங்கே வீடியோ ரெக்கோடராகக் கணக்கெடுத்துக் கூடுதல் சுங்கவரி போட்டதுதான் காரணம். லண்டன், பாரிஸ் ஆட்கள் வரும்போது கொண்டுவந்த கமரா என்றால் அந்த வழி இருக்காது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வி.எச்.எஸ்.ஸுக்கு வருவோம். இங்கே வயரை விட டெக்தான் முக்கியம். சாதாரண டெக்கின் பின்னால் மஞ்சள் ஓட்டை மட்டும்தான் இருக்கும், எஸ்-வீடியோ இருப்பது சூப்பர் வி.எச்.எஸ். டெக்கில். அது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் மஞ்சளே போதும், மனதை வருத்த வேண்டாம். அன்டனா வயரால் மட்டும் எடுக்காதீர்கள். எந்த டெக்கில் டிராக்கிங் சரியாக நிற்கிறதோ, ஹெட் சுத்தமாக இருக்கிறதோ, அந்த டெக்தான் நல்ல டெக்.

பிரச்சினை வேறு இடத்தில். வி.எச்.எஸ். டேப் இயந்திரத்தால் ஓடுவது. ஒவ்வொரு கோடும் சரியான நேரத்துக்கு வராது, கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். கப்சர் கருவி பொறுக்காது, ஃபிரேமை விழுங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக விழுங்கினாலும் ஒரு மணி நேரத்தில் சத்தம் படத்தை விட்டு விலகிப் போகும். மலிவுக் குச்சிகள் எல்லாம் இங்கேதான் தோற்கின்றன. இதைச் சரிசெய்யும் நேரத் திருத்தி என்ற கருவி முன்பு ஸ்டூடியோக்களில் இருந்தது, இப்போது தேடுவது கஷ்டம். அதற்குப் பதிலாக எங்களைப் போன்றவர்கள் டி.வி.டி. ரெக்கோடர் ஒன்றை நடுவில் வைப்போம். பதிவதற்கு இல்லை, படம் அதற்குள் நுழைந்து வெளியே வர மட்டும். டெக்கிலிருந்து மஞ்சள் வயர் ரெக்கோடருக்குள், ரெக்கோடரிலிருந்து எஸ்-வீடியோவால் கப்சர் கருவிக்கு. பனசொனிக்கின் ஈ.எஸ்.10, ஈ.எஸ்.15 இரண்டும் இந்த வேலைக்குப் பேர் போனவை. வளைந்து நின்ற கதவு நிலை ஒரு வயரை மாற்றிய உடனே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

கப்சர் கருவிக்கு ஒரே நிபந்தனை: சுருக்காத படத்தைக் கணினிக்குத் தர வேண்டும். பெட்டியில் கூடவே வரும் மென்பொருளை ஒதுக்கிவிட்டு வெர்ச்சுவல்டப் போன்ற ஒன்றால் எடுங்கள். பால் முறையில் ஒன்றுமே சுருக்காவிட்டால் மணிக்கு 75 ஜிகாபைட் வரும். ஹஃப்ஒய்யூவி போல எதையும் இழக்காமல் சுருக்கும் முறையில் போட்டால் அதில் பாதிக்குக் கிட்ட. மூன்று கசெட்தானே, இடம் ஒரு பிரச்சினை இல்லை. இந்தக் கருவி புதிய லேப்டொப்பிலேயே ஒரு சின்ன அடாப்டரோடு வேலை செய்யும். படத்தின் குறுக்கே ஒரு பட்டை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தாலோ, சத்தத்தில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தாலோ, லேப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பற்றறியில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் வீடுகளின் எர்த் இணைப்புக்கும் இரண்டு முனை அடாப்டர்களுக்கும் உள்ள உறவு அப்படி.

மஞ்சள் வயரை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றைக் கடைக்காரர் நீட்டினால் தள்ளி வையுங்கள். அது 576 கோட்டுப் படத்தை 1080 ஆக இழுத்து, ஒரு ஃபிரேமின் இரண்டு புலங்களையும் (ஒன்றுவிட்ட கோடுகளாலான இரண்டு அரைப் படங்கள்) தாறுமாறாகக் கலந்து, பெரும்பாலும் 4க்கு 3 படத்தை 16க்கு 9 ஆகப் பரப்பிவிடும். எனக்குத் திருத்தத் தந்த ஒரு கலியாணத்தில் மணமகள் இரண்டு பேர் அகலத்துக்கு இருந்தா. அவ அதைப் பார்த்துவிட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இழுப்பதும் கலப்பதும் பிறகு கணினியில் செய்யக்கூடியவை, அங்கே தப்பினால் திரும்பவும் செய்யலாம். எடிட்டில் போடும்போது புல வரிசையைப் பாருங்கள்: டி.வி.யில் கீழ்ப்புலம் முதல், அலை கசெட்டை கார்டால் எடுத்தால் பெரும்பாலும் மேற்புலம் முதல். இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டுக் கவனிக்காமல் விட்டால், கமரா திரும்பும்போதெல்லாம் படம் துடிக்கும்.

பாரிஸ் கசெட் உங்களுக்குக் கொஞ்சம் வேலை வைக்கும். இலங்கைத் தொலைக்காட்சி பால் முறை, வீட்டு டெக்குகளும் அதற்கேற்றவை. பிரான்ஸில் அந்தக் காலத்தில் செக்காம் என்ற வேறு முறை. அந்தக் கசெட் செக்காமில் பதிந்ததென்றால் பால் டெக்கில் படம் வரும், நிறம் வராது, கறுப்பு வெள்ளையாக ஓடும். கசெட் பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். செக்காம் படிக்கும் பல்முறை டெக் ஒன்றும், செக்காம் ஏற்கும் கப்சர் கருவியும் வேண்டும். அதைவிடச் சுலபம், சித்தப்பாவிடமே திருப்பி அனுப்பி அங்கே எடுக்கச் சொல்வது. கனடாக் கசெட் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை வேறு உருவத்தில்: அது என்.டி.எஸ்.சி. என்ற இன்னொரு முறை, 525 கோடு. இங்கத்தைய டெக்குகள் சில அதை ஓட்டிக் காட்டும், ஆனால் நிறத்தை மட்டும் பால் ஆக்கி ஒரு கலப்பு அலையாகத்தான் வெளியே விடும். தொலைக்காட்சியில் நன்றாகத் தெரிந்தது கணினியில் உருண்டு ஓடினால் காரணம் அதுதான். உண்மையான என்.டி.எஸ்.சி. வெளியீடு தரும் டெக் தேட வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு கசெட்டையும் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னல் வழியாகத் தெரியும் சுருளின் மேல் வெள்ளைத் தூள் போல, நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். கொழும்பு ஈரத்தில் கடுதாசிப் பெட்டிக்குள் கிடந்த கசெட்டுக்கு அது சாதாரணம். அதை டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் பரவும். தனியாக ஒரு பொலித்தீன் பையில் கட்டி ஒதுக்கி வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வேலையை மினி டி.வி.யில் தொடங்குங்கள், அதிலும் யாருக்கும் பெரிதாக வேண்டாத ஒரு டேப்பில். முழுதாக முன்னுக்கு ஓட்டி, முழுதாகப் பின்னுக்குச் சுற்றி, பிறகு கப்சர். கமராவைப் பற்றறியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். அது சரியாக வந்ததென்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டேப் வீதம் ஒரு கிழமையில் பதினான்கும் முடியும். ஹை8க்கான கமராவை அதற்கிடையில் தேடிக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கு மட்டும் இன்றைக்கே கோல் எடுத்து, அந்தக் கசெட்டை எந்த டெக்கில், எந்த நாட்டில் பதிந்தவர் என்று கேட்டு வையுங்கள்.